புதுக் குடித்தனமும் தொலைக்காட்சியும்

1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திர நீர்வீழ்ச்சியினின்று மின்சாரம் பெற்ற பெருமை நம் கோலார் தங்கவயலுக்கு உண்டு. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின், நம்மவர் பலர் பிழைப்பை நாடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். சிலர் அங்கேயே வாடகை வீடுகளில் குடியேறிவிட்டனர். முன்பணமும் வாடகையும் போக எஞ்சும் ஊதியத்தில், தொலைக்காட்சிக்கு மாதச் சந்தா கட்டுவது எளிதன்று.

சந்தாவின்றிக் காண ஒரு வழி உண்டு. பிரசார் பாரதி 2004 டிசம்பரில் தொடங்கிய செயற்கைக்கோள் சேவை, இன்று ‘டிடி ஃப்ரீ டிஷ்’ எனப்படுகின்றது. டிஷ் ஆண்டெனாவையும் செட்டாப் பெட்டியையும் ஒருமுறை வாங்கிப் பொருத்தினால் போதும். நம் பகுதிக்குத் தென்கிழக்கு வானம் மரமோ மாடியோ மறைக்காதிருத்தல் வேண்டும். வீட்டுக்காரரின் இசைவை முன்னரே பெறுதல் நலம். வீடு மாறினால் கருவிகளையும் உடன் கொண்டு செல்லலாம்.

குறையும் உண்டு. பொதிகை என்று நாம் அறிந்த, 2024 ஜனவரியில் ‘டிடி தமிழ்’ எனப் பெயர் மாறிய அலைவரிசை இதில் கிடைக்கும். கட்டணம் பெறும் தனியார் தமிழ் அலைவரிசைகள் கிடையா. அவையின்றி இயலாதென்னும் குடும்பத்தார் கேபிளை நாடலாம். 2019 முதல், கட்டண அலைவரிசைகளில் வேண்டியவற்றை மட்டும் தனித்தனியே தேர்ந்துகொள்ளும் உரிமை நமக்குண்டு. கேளாத தொகுப்புக்குப் பணம் கொடுப்பானேன்?

பள்ளியில் தமிழ் பயிலாத நம் குழந்தைகளுக்கு, வீட்டில் ஒலிக்கும் தமிழ்ச் செய்தியும் ஒரு பாடமே. ஆயினும் பெட்டி பேசி முடித்தபின், பெற்றோரும் அவர்களுடன் தமிழில் பேசுதல் வேண்டும். அதற்குச் சந்தா ஏதுமில்லை!