தரை கழுவும் மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணுதா? போர் தண்ணியைக் கவனிங்க!

மண்டபம், ஆஸ்பத்திரித் தரையைத் தேய்த்து, அழுக்குத் தண்ணியை உறிஞ்சும் மெஷினுக்கு சேலம், நாமக்கல் பக்கம் பெரிய தொல்லை போர் தண்ணிதான். பாறை இடுக்கில் ஊறும் அந்தத் தண்ணியில் கால்சியம், மெக்னீசியம் உப்பு அதிகம். காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்து ஃபில்டரையும் குழாயையும் அடைக்கும்.

என்ன செய்யலாம்? வேலை முடிந்ததும் இரண்டு டேங்கையும் காலி செய்து, ஒரு குடம் நல்ல தண்ணி விட்டு ஓட்டுங்க. மூடி திறந்தே காயட்டும். பிரஷ்ஷைத் தரையில் அழுத்தி நிறுத்தினால் நார் வளைஞ்சிடும், தூக்கி வைங்க. சோப்புத்தூள் வேண்டாம், நுரை உள்ளே போனால் உறிஞ்சும் மோட்டார் காலி. லெட்-ஆசிட் பேட்டரி என்றால், சார்ஜ் ஏறிய பிறகு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

இதற்கான நேரத்தை ஷிஃப்ட்டுக்குள்ளேயே ஒதுக்குங்க. மெஷின் படுத்தால், மறுபடி மாப்பைத் தூக்கப்போவது தூய்மைப் பணியாளர்தான்.