உயிர்காப்புச் சான்றிதழ்: இணையத்தில் புதுப்பித்தால் போதுமா?

சேர்வராயன் கோயில் ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் இருக்கு. மே மாதத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவருக்கு இதயம் நின்றுபோனால்? ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால்தான் சேலம் அரசு மருத்துவமனை. நெஞ்சை அழுத்தாமல், ஷாக்கும் கொடுக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பக்கத்தில் நிற்கிற டாக்டரோ நர்ஸோ கடைசியாக எப்படிப் பழகினார் என்பதில்தான் எல்லாமே இருக்கு.

ஏசிஎல்எஸ் என்கிற மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சிக்கு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் தரும் அட்டை இரண்டு வருடம்தான் செல்லும். அப்புறம் புதுப்பிக்கணும். வகுப்புக்கே போகலாம், அல்லது ‘ஹார்ட்கோட்’ வழியில் பாடத்தை இணையத்தில் முடித்து, கைப்பயிற்சிக்கு மட்டும் நேரில் போகலாம். இணையப் பகுதி முடிந்ததும் ஒரு சான்றிதழ் வரும். அதை அட்டை என்று நினைத்துவிடக் கூடாது. பொம்மையில் செய்துகாட்டினால்தான் அட்டை.

நான் மென்பொருள் ஆள், மருத்துவன் இல்லை. அதனால் தரவைத் தேடினேன். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு: பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் 31 மையங்கள், 3,732 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான இரண்டு நாள் வகுப்பு. மீதிப் பேருக்கு இணையப் பாடமும் ஒரு நாள் வகுப்பும். மாதிரி இதயநிறுத்தத் தேர்வில் முதல் முயற்சியில் தேறியவர்கள் வகுப்பில் 80.2 சதவீதம், கலப்பு முறையில் 74.5. மறுபயிற்சிக்குப் பிறகு 96.7க்கு 94.2. செலவோ கலப்பு முறையில் பாதிக்கும் குறைவு.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ‘இணையம்’ என்ற அணியும் ஒரு நாள் முழுக்க வகுப்பில்தான் நின்றது! ஆக, வீட்டிலிருந்தே எல்லாம் முடியும் என்று விற்கிற தளங்களுக்கு இந்த ஆய்வு சாட்சி சொல்லாது.

எந்த ரிதத்துக்கு ஷாக், அட்ரினலின் எப்போது என்பதைத் திரையில் படிக்கலாம். திரும்பத் திரும்பப் பார்க்க முடிவதால் வகுப்பைவிட வசதி என்றே சொல்வேன். ஆனால் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்பதைக் கைதான் கற்கணும். நாலு பேர் கூடி நிற்கும்போது யார் அழுத்துவது, யார் ஊசி போடுவது என்று உரக்கச் சொல்லிப் பழகுவதும் அப்படியே.

அந்தக் கைப்பழக்கமும் இரண்டு வருடம் தாங்காது, சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். அதற்காகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணியிடத்திலேயே பொம்மையில் பழகும் முறையை ஹார்ட் அசோசியேஷன் கொண்டுவந்தது. மலைக்கு இதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ஏற்காட்டு நர்ஸ் பாடத்தை மேலேயே படிக்கட்டும். பயிற்சிப் பொம்மை ஒரு ஜீப்பில் ஏறி வந்துவிடும்.