இ.ஜி.ஆர். வால்வை அடைக்கலாமா?

கங்காதர நெல்லூரில் குடியிருக்கும் நம் சங்கத்து அன்பர்கள் சிலர், "டீசல் கார் இழுக்கவில்லை, கறுப்புப் புகை விடுகிறது. இ.ஜி.ஆர். வால்வை அடைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினுக்குள் வெப்பம் அளவுக்கு மீறினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. மூச்சுக்குழாயை உறுத்தும் இவை ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்குப் பெரும்பகை. இதைத் தடுக்க, வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடியும் எஞ்சினுக்கே அனுப்புகிறார்கள். அதில் ஆக்சிஜன் குறைவு என்பதால், பொங்கும் பாலில் தண்ணீர் தெளித்தாற்போல வெப்பம் தணிகிறது. அந்தப் புகையை அளந்து விடும் கதவுதான் இந்த வால்வு. அமெரிக்கக் கார்களில் 1970களிலேயே வந்துவிட்டது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் விதிகள் இறுகிய பிறகு டீசல் கார்களில் பரவியது.

புகையிலுள்ள கரியும் எஞ்சின் ஆயிலின் ஆவியும் சேர்ந்து இதில் தார்போல ஒட்டிக்கொள்கின்றன. கடைக்கும் பள்ளிக்கும் என்று எஞ்சின் சூடேறுமுன்பே நிறுத்திவிடும் வண்டிகளில் இது அதிகம். கதவு மூடாமல் சிக்கிக்கொண்டால் கறுப்புப் புகை வரும், நின்ற இடத்தில் எஞ்சின் உதறும், திருமலை ஏற்றத்தில் வண்டி திணறும். வாரம் ஒருமுறை திருப்பதி நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் கரி சேர்வது குறையும். ஏற்கெனவே இறுகிய கரி அதற்கெல்லாம் அசையாது. கழற்றித்தான் துடைக்க வேண்டும்.

எஞ்சின் நன்றாக ஆறியபின், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு வால்வைக் கழற்றச் சொல்லுங்கள். கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கதவு உட்காரும் இடம் கீறிப்போகும். மின்மோட்டார் இருக்கும் பக்கம் திரவம் படவே கூடாது. திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட் போட வேண்டும். சில கார்களில் ஸ்கேனர் வைத்து வால்வின் நிலையைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்பிக்கவும் வேண்டும். துடைத்த பிறகும் சிக்கினால் புது வால்வுதான்.

தகடு வைத்து அடைத்தால் கறுப்புப் புகை குறையும், வண்டியும் இழுக்கும்; அது உண்மை. புகைச் சான்றிதழும் கிடைத்துவிடும். டீசல் வண்டிக்கு அந்தச் சோதனையில் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் புகை போய், தெரியாத நஞ்சு கூடுகிறது. அதைச் சுவாசிப்பது நம் தெருப் பிள்ளைகள். தயாரிப்பாளர் அமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. புதிய கார்களில் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து எஞ்சின் விளக்கைப் போட்டுவிடும்.

இன்னொன்று. பல கார்களில் இந்தப் புகையைக் குளிர்விக்க ஒரு கூலர் உண்டு. 2018இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் பல தீப்பற்றியதற்கு இந்தக் கூலரில் ஏற்பட்ட கசிவுதான் காரணம் என்று கண்டறிந்து, கார்களைத் திரும்ப அழைத்தார்கள். வெளியே ஒழுக்கு தெரியாமலே கூலன்ட் அளவு இறங்கிக்கொண்டு வந்தால், வெறுமனே ஊற்றி நிரப்பாமல் கூலரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.