மலேரியா: வெற்றியும் விழிப்பும்

வன்னிப் பெருநிலப்பரப்பு மக்களுக்கு மலேரியாவை அறிமுகப்படுத்த வேண்டிய தேவை ஒரு காலத்தில் இருந்ததில்லை. 1999ஆம் ஆண்டில் இலங்கையில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான மலேரியா நோயாளர் பதிவாகினர். யுத்தம் நிலவிய வடக்கு, கிழக்கே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. 2012 ஒக்டோபரில் உள்நாட்டுத் தொற்றின் கடைசி நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இவ்வெற்றி நிலைக்குமா என்பதை அறிய, ஒட்டுண்ணியின் இயல்பை அறிதல் வேண்டும். ஒட்டுண்ணியும் அது தங்கி வாழும் விருந்துவழங்கியும் ஒன்றையொன்று மாற்றியவாறே கூர்ப்படைகின்றன. இப்போட்டி எல்லா இடங்களிலும் ஒரே விதமாக நடைபெறுவதில்லை. மேற்கு ஆபிரிக்க மக்களுள் பெரும்பாலானோரின் செங்குழியங்களில், வைவக்ஸ் என்ற மலேரியா ஒட்டுண்ணி உட்புகுவதற்கு உதவும் 'டஃபி' புரதம் இல்லை. எனவே அங்கு வைவக்ஸ் மலேரியா அரிது. அப்புரதம் உள்ள எமது மக்களிடையே அதுவே அதிகம் பரவியது.

மனிதன் மருந்தைக் கண்டுபிடித்தபோதும் போட்டி ஓயவில்லை. 1950களின் இறுதியில் தாய்லாந்து - கம்போடிய எல்லைப் பகுதியில் குளோரோகுயினுக்கு அடங்காத ஒட்டுண்ணி தோன்றியது. 1984இல் அத்தகைய ஒட்டுண்ணி இலங்கையிலும் கண்டறியப்பட்டது. நுளம்பும் சும்மா இருக்கவில்லை. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்களே இருந்தனர். கண்காணிப்புத் தளர்ந்ததும் அதே தசாப்த இறுதியில் நோய் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. டீடீரீக்கு நுளம்பு பழகிவிட்டதால் மலத்தியனை நாட நேர்ந்தது.

அதாவது, எங்கோ ஓரிடத்தில் உருவாகும் மாற்றம் பயணிகளோடும் சரக்குகளோடும் எமது வாசலை அடையலாம். 2016இன் இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்ட அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு இதற்குச் சான்று. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்நுளம்பு கிணறுகளிலும் நீர்த்தாங்கிகளிலும் பெருகுவது. கிணறில்லாத வளவு வன்னியில் எத்தனை?

இன்றைய சிறுவர்கள் மலேரியாவை ஒருபோதும் சந்தித்திராதவர்கள். மீண்டும் மீண்டும் தொற்றியதால் முன்னைய தலைமுறை பெற்ற ஓரளவு எதிர்ப்புச் சக்தி இவர்களிடம் இல்லை. எனவே இந்தியா, ஆபிரிக்கா போன்ற இடங்களுக்குச் சென்று திரும்பியோர் காய்ச்சல் கண்டால் பயண விபரத்தை வைத்தியரிடம் கூறி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கிணறுகளையும் தாங்கிகளையும் வலையிட்டு மூடுதல் நன்று. ஒட்டுண்ணிக்கு எல்லைகள் கிடையா. எமது விழிப்புக்கும் ஓய்வு இருத்தலாகாது.