பிள்ளைகளோடு நானகத்தா சுடுவோம்

பெருநாளைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நம் வீட்டுச் சமையலறைகளில் அதிகம் கேட்கும் சொல் எது தெரியுமா? "அங்கால போ" என்பதுதான். மா குழைக்கும் உம்மாவின் பக்கத்தில் வந்து நிற்கும் பிள்ளைக்கு, கொட்டிவிடுவாய், சுட்டுக்கொள்வாய், உடுப்பை ஊத்தையாக்குவாய் என்று மூன்று காரணங்கள் சொல்லப்படும். மூன்றும் நியாயமானவைதாம். ஆனால் நாலு வயதில் விரட்டப்பட்ட அதே பிள்ளையைப் பதினாலு வயதில் "ஒரு வேலைக்கும் கூப்பிட்டால் வருவதில்லை" என்று குறை சொல்வதும் நாம்தான்.

தொதலும் மஸ்கட்டும் கொதிக்கும் பணியாரங்கள். அவற்றின் பக்கத்தில் பிள்ளைகளை விடக்கூடாது. எண்ணெயில் பொரிக்கும் கொக்கிஸும் அப்படியே. பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போன்ற ஒன்று நம்மிடம் உண்டு: நானகத்தா. முட்டை வேண்டாம், அச்சு வேண்டாம், பாகு காய்ச்ச வேண்டாம். களிமண் உருட்டத் தெரிந்த பிள்ளைக்கு இது வரும்.

பாரசீக மொழியில் 'நான்' என்றால் ரொட்டி. குஜராத்தின் சூரத் நகரம் இந்தப் பிஸ்கட்டுக்குப் பேர்போனது. நம் நாட்டுப் பேக்கரிகளில் சிங்களத்தில் 'ஞானகதா' என்பார்கள். ரொட்டியின் பெயர் ஞானப் பேச்சாக மாறிய விந்தையை நினைத்து நான் பலமுறை சிரித்ததுண்டு. 'விசுக்கோத்து' போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். 'கொக்கிஸ்' ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. அரபு நாடுகளிலும் பெருநாள் என்றால் பிஸ்கட்தான். எகிப்தில் சீனித்தூள் தூவிய 'கஅக்'; சிரியா, லெபனான் பக்கத்தில் பேரீச்சம்பழம் உள்ளே வைத்து மர அச்சில் தட்டும் 'மஃமூல்'.

இனி வேலைக்கு வருவோம். கோதுமை மா 200 கிராம், ரவை 25 கிராம், பட்டர் அல்லது நெய் 125 கிராம், அரைத்த சீனி 100 கிராம், பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, நாலைந்து ஏலக்காயின் பொடி. இந்த அளவுக்கு ஏறத்தாழ 25 பிஸ்கட்டுகள் கிடைக்கும். பட்டர் விலை கையைக் கடித்தால் மாஜரீன் போதும். மணம் சற்றுக் குறையும், அவ்வளவே.

மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு அரிதட்டைக் கொடுங்கள். மா, ரவை, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் அது அரிக்கட்டும். பாதி நிலத்தில் விழும். ஒரு பழைய பத்திரிகையை விரித்துவிட்டால் கோபம் வராது. ஆறு ஏழு வயதுப் பிள்ளை பட்டரையும் சீனியையும் மரக்கரண்டியால் அடிக்கட்டும். மஞ்சள் நிறம் வெளுத்துப் பஞ்சுபோல வரும்வரை அடிக்க வேண்டும். அப்போது பட்டருக்குள் காற்று ஏறுகிறது. பிஸ்கட் வாயில் கரைவது அதனால்தான். பத்து வயதுப் பிள்ளையிடம் தராசையும் மணிக்கூட்டையும் ஒப்படையுங்கள். "25 பிஸ்கட்டுக்கு 200 கிராம் என்றால் 50 பிஸ்கட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து விழிக்கும் பிள்ளைகூட இங்கே பட்டென்று பதில் சொல்லும். ஆசிரியனாக இருந்து நான் கண்டது இது.

இரண்டையும் ஏலப்பொடியோடு சேர்த்து ஒன்றாகத் திரளும் வரை மட்டும் குழையுங்கள். ரொட்டிக்குப் போல அழுத்திப் பிசைந்தால் மாவில் இழுவை உண்டாகிப் பிஸ்கட் கல்லாகிவிடும். பெரியவர்கள் பிழைவிடும் இடம் இதுதான். பிள்ளைகளுக்கு அவ்வளவு பலம் இல்லாதது இங்கே நல்லதாகிவிடுகிறது. பிறகு கொட்டைப்பாக்கு அளவில் உருட்டி, தட்டில் இடைவெளி விட்டு வைத்து, நடுவில் பெருவிரலால் மெல்ல அழுத்த வேண்டும். அந்தக் குழியில் ஒரு துண்டு கஜு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உண்ணும் வீடானால் முழுக் கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடித்துத் தூவுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பச்சை மாவைப் பிள்ளைகள் நக்கிப் பார்ப்பார்கள். முட்டைதான் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். வேகாத கோதுமை மாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். உருட்டி முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

அவண் இருந்தால் முன்கூட்டியே 170 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். இல்லாவிட்டாலும் குறையில்லை. அடி கனமான பழைய சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு அரித்த உலர் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, மூடி, நடுத்தர நெருப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு பட்டர் தடவிய தட்டை உள்ளே இறக்கி மூடிவிட்டால் இருபத்தைந்து நிமிடமளவில் வெந்துவிடும். மூடிமேல் சிரட்டைத் தணல் போட்டுச் சுட்ட உம்மும்மாமார் நம்மிடம் இருந்தார்கள். 2022இல் கேஸ் கிடைக்காமல் விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகளுக்கு இது புதிதல்ல. சட்டியை இறக்குவதும் மூடியைத் திறப்பதும் பெரியவர் வேலை. பிள்ளை மூன்றடி தள்ளி நின்று பார்க்கட்டும். அடிப்பக்கம் இலேசாகச் சிவந்தால் போதும். எடுக்கும்போது மெதுவாகத்தான் இருக்கும். வேகவில்லையென்று மீண்டும் வைத்துக் கருக்கிவிடாதீர்கள். ஆறியதும் இறுகும்.

"மௌலவி, ஆண்பிள்ளையையுமா குசினிக்கு அனுப்பச் சொல்கிறீர்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், அவனையும், அவனுடைய வாப்பாவையும் சேர்த்துத்தான். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்னது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இதை மிம்பரில் கேட்டுவிட்டு வீடு வந்து, தேநீர்க் கோப்பையைக்கூடக் கழுவாமல் வைக்கும் நம்மைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உம்மா வளைகுடா நாட்டில் உழைக்க, பிள்ளைகள் வாப்பாவோடும் உம்மும்மாவோடும் வளரும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ. அந்த வீடுகளில் பெருநாள் பணியாரம் பெரும்பாலும் கடைப் பெட்டியில் வருகிறது. என் வகுப்பில் அப்படி ஒரு மாணவன் இருந்தான். நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து வந்த அன்று, ஒரு பால்மா டின்னை மேசைமேல் வைத்தான். உள்ளே கோணல்மாணலாக நானகத்தா; பாதி கருகியது. "நானும் வாப்பாவும் சுட்டது, ஸேர்" என்றான். உம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னானாம். அவர் கொஞ்ச நேரம் பேசவேயில்லையாம். கருகாதவற்றைத் தேடித் தேடி எங்களுக்குத் தந்துவிட்டுக் கருகியதை அவன் தின்றான்.

அண்டை வீட்டுக்கு அனுப்பும் தட்டில் பிள்ளை உருட்டியதையும் வையுங்கள்; அழகாக வந்தவற்றை மட்டும் பொறுக்க வேண்டாம். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அந்தப் பிள்ளையாகவே இருக்கட்டும். மீதியை நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டின்னில் போட்டால் இரண்டு வாரம் வரை மொறுமொறுப்பாக இருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அவ்வளவு நாள் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.