வீதியின் மேற்பரப்பும் துவிச்சக்கரவண்டியும்: உழைப்பு நோக்கில் ஓர் ஆய்வு

வீதி என்பது அனைவருக்கும் பொதுவான, நடுநிலையான ஒரு தளம் என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயின், எந்த அளவுக் கல்லால், எந்தப் பிணைபொருளால் அதன் மேற்பரப்பு அமைகின்றது என்பது, அவ்வீதியிற் செல்வோருள் எவர் எவ்வளவு உழைப்பைச் செலுத்த நேரிடும் என்பதையும் நிர்ணயிக்கின்றது. துவிச்சக்கரவண்டியை ஆதாரமாகக் கொண்டு நோக்கும்பொழுது இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். ஏனெனில், அவ்வாகனத்தின் இயந்திரம் மனித உடலேயாகும்.

நவீன வீதியமைப்பின் முன்னோடிகளுள் ஒருவரான ஜோன் லூடன் மக்கடம் (1756-1836), வீதியின் மேற்படையில் இடப்படும் உடைகற்கள் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என வற்புறுத்தினார். அக்காலக் குதிரைவண்டிகளின் இரும்புப் பட்டை பூண்ட சில்லுகள் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் அகலமானவை. கல்லானது சில்லின் அகலத்திலும் மிகச் சிறிதாயிருப்பின், சில்லு அதனைப் புரட்டிப் பெயர்க்காது, மேலும் இறுக்கும். இவ்விதியின் உட்பொருள் மனங்கொள்ளத்தக்கது. வீதியின் தரம் என்பது கல்லில் மட்டும் தங்கியிருப்பதன்று. அது கல்லுக்கும் சில்லுக்கும் இடையிலான ஓர் உறவு. மூன்று நான்கு சென்ரிமீற்றர் அகலமான துவிச்சக்கரவண்டி ரயருக்கு, வண்டிச் சில்லுக்குப் பொருந்திய அதே கல் கரடாகிவிடுகின்றது.

1860களில் வழங்கிய ஆரம்பகால மிதிவண்டிகள் ஆங்கிலேயரால் 'எலும்புகுலுக்கி' எனப் பெயரிடப்பட்டமை இவ்வுறவின் விளைவே. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் பொய்ட் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த ரயர் இம்முரண்பாட்டை ஓரளவு தணித்தது. வீதி மாறாதவிடத்துச் சில்லு மாறிற்று எனலாம். ஆயின் அம்மாற்றத்திற்கும் ஒரு விலையிருந்தது. ரயர்களுக்காகப் பெருகிய இறப்பர்த் தேவை, இரண்டாம் லியோபோல்ட் மன்னனின் ஆட்சியிலிருந்த கொங்கோவில் (1885-1908) கட்டாய உழைப்பாகவும் படுகொலையாகவும் வெளிப்பட்டது. 1876இல் கம்பகாவின் ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவுக்கு வந்த இறப்பர் நாற்றுக்கள் இலங்கையின் தோட்டங்களாக விரிந்ததும் இத்தேவையின் தொடர்ச்சியே.

நல்ல வீதிகளை வேண்டி முதலில் அமைப்புரீதியாகக் குரலெழுப்பியவர்களும் துவிச்சக்கரவண்டியோட்டிகளே. 1880களில் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் அவர்தம் சங்கங்கள் இதற்கென இயக்கம் நடத்தின. பின்னர் வந்த மோட்டார் வாகனங்களின் வேகமான சில்லுகள் கற்களைப் பிணைத்திருந்த தூளை உறிஞ்சி எறிந்து, மக்கடம் வீதிகளைச் சிதைத்தன. அதற்குத் தீர்வாகவே தார் வந்தது. 1902இல் எட்கார் பர்னெல் ஹூலி தார் கலந்த கல்லுக்குக் காப்புரிமை பெற்றார். மிதிப்பவன் கோரிய வீதியை மோட்டார் உரிமையாளன் சுவீகரித்தான். அதன் பின் மேற்பரப்பின் அளவுகோலும் மோட்டார் வாகனமேயாயிற்று.

சிக்கனமான புதுப்பிப்பு முறையாக இன்று பல நாடுகளிற் கையாளப்படும் 'தார் தெளித்துச் சல்லி பரவுதல்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பழைய பரப்பின்மீது உருகிய தார் தெளிக்கப்பட்டு, சல்லி தூவப்பட்டு, உருளையால் அழுத்தப்படுகின்றது. பிரித்தானிய வழக்கில் 6, 10, 14 மில்லிமீற்றர் போன்ற அளவுகளில் இச்சல்லி தெரிவுசெய்யப்படும். கரடான பரப்பு மழைக்காலத்தில் மோட்டார் வாகனம் வழுக்காது நிற்க உதவுகின்றது என்பது உண்மையே. ஆயின், சாதாரண வேகத்திற் செல்லும் துவிச்சக்கரவண்டி நீர்ப்படலத்தின்மேல் மிதந்து வழுக்குவதில்லை. ஒருவரின் பாதுகாப்புக்கான கரடு மற்றவருக்கு மேலதிக உழைப்பாக மாறுகின்றது.

அவ்வுழைப்பை அளவிடவும் இயலும். ஓட்டுநரும் வண்டியுமாக 80 கிலோகிராம் எனவும், வேகம் மணிக்கு 18 கிலோமீற்றர் எனவும் கொள்வோம். உருளல் தடைக் குணகம் சீரான பரப்பில் 0.004 ஆயின், தடையை வெல்ல ஏறத்தாழ 16 உவாற்று வேண்டும். கரடான பரப்பில் அது 0.008 ஆக உயரின் 31 உவாற்று வேண்டும். நீண்ட நேரம் சாவதானமாக மிதிப்பவர் வழங்கக்கூடிய வலு ஏறத்தாழ 75 உவாற்று எனக் கொள்ளின், அதில் ஐந்தில் ஒரு பங்கு கல்லுக்கே இரையாகின்றது. இதன் ஒரு பகுதி ரயர் நெளிந்து மீளும்பொழுது வெப்பமாகின்றது. மறுபகுதி அதிர்வாகக் கைபிடி, இருக்கை வழியே உடலிற் புகுந்து தசைகளில் அழிகின்றது. ஆதலின் காற்றை மேலும் இறுக அடைப்பது தீர்வாகாது. இறுகிய ரயர் கல்லை உள்வாங்காது வண்டியைத் தூக்கியெறியும். அகன்ற ரயரும் அளவான காற்றழுத்தமுமே கரடான வீதிக்குப் பொருத்தமானவை.

பிறிதொரு வேறுபாடும் உண்டு. வாகனச் சில்லுகள் ஓடும் தடத்திற் சல்லி அழுந்திச் சமமாகின்றது; வீதியோரத்திலோ அது அழுந்தாமலே கிடக்கின்றது. பெயர்ந்த கற்களும் கண்ணாடித் துண்டுகளும் ஒதுங்குமிடமும் அதுவே. அவ்வோரத்திற்கே துவிச்சக்கரவண்டி ஒதுக்கப்படுகின்றது. திருப்பங்களில் முன்சில்லு உதிர்கல்லில் வழுக்குவதும், பெரும்பாரத்தையும் உந்துவிசையையும் தாங்கும் பின்ரயர் விரைந்து தேய்வதும், ரியூப்புக்கு அடிக்கடி ஒட்டுப்போட நேர்வதும் தற்செயலானவையல்ல.

1990களின் எரிபொருட் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்வையே துவிச்சக்கரவண்டி சுமந்ததை நம் வாசகர் அறிவர். அத்தகைய வாகனத்தின் தேவை வீதி மதிப்பீட்டில் இடம்பெறுவது சலுகையன்று. வீதியோரத்துக்குச் சிறிய சல்லி, பரவிய சில நாட்களுள் உதிர்கல்லைக் கூட்டியகற்றல், ஓரம்வரை சீரான முடிப்பு என்பன தொழினுட்பரீதியில் எளியவை. அவை செய்யப்படாதவிடத்து மிச்சப்படும் பணம் மறைந்துவிடுவதில்லை; நாள்தோறும் வேலைக்கு மிதித்துச் செல்பவனின் தசையிலிருந்து அது அறவிடப்படுகின்றது. எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படாத இவ்வறவீட்டை வெளிப்படுத்துவது சமூக ஆய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.