ஒரு தடவை பூசினால் நாள் முழுவதும் பாதுகாப்பா?

வெயிலுக்குப் பூசும் சன் கிறீம்கள் இப்போது எமது ஊர்ப் பாமசிகளிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. சில போத்தல்களில் ‘எட்டு மணித்தியாலப் பாதுகாப்பு’, ‘நாளுக்கு ஒரு தடவை போதும்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காலையில் பூசிக்கொண்டு புறப்பட்டால் மாலை வரை கவலையில்லை என்றல்லவா தோன்றும்!

நான் ஒரு பாடசாலை ஆசிரியை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது என் இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்தது. அதற்கு மருந்து தந்த தோல் வைத்திய நிபுணர், வெயில் படாமல் பார்த்துக்கொள்வதே பாதி வைத்தியம் என்றும், சன் கிறீமும் கட்டாயம் என்றும் சொன்னார். பாமசியில் இரண்டு போத்தல்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று சாதாரணமானது. மற்றது நீண்ட நேரம் நிற்பதாம். விலையோ இரு மடங்கு. “மிஸ், இதைக் காலமை ஒருக்காப் பூசினால் பின்னேரம் வரைக்கும் பிரச்சினை இல்லை” என்றா அங்கு நின்ற பிள்ளை. இரு மடங்கு பணம் கொடுக்குமுன் இது உண்மைதானா என்று அறிய விரும்பினேன். வைத்தியரிடம் கேட்டதையும் தேடி வாசித்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் போத்தலில் உள்ள எஸ்.பி.எப். என்ற இலக்கத்தைப் பார்ப்போம். 30, 50 என்பவை மணித்தியாலக் கணக்கு அல்ல. தோலைச் சிவக்கச் செய்யும் கழியூதாக் கதிர்களை (புற ஊதாக் கதிர்கள் என்றும் சொல்வர்) அந்தக் கிறீம் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு அது. 15 என்றால் ஏறத்தாழ 93 வீதம், 30 என்றால் 97 வீதம், 50 என்றால் 98 வீதம் தடுக்கப்படும். 50 இலக்கக் கிறீம் 30ஐவிட அதிக நேரம் நிற்கும் என்று எண்ணுவது தவறு.

இந்த இலக்கத்தை ஆய்வுகூடத்தில் அளக்கும்போது தோலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 2 மில்லிகிராம் கிறீம் பூசுவார்கள். சாதாரணமாக மக்கள் பூசுவது அதில் கால்வாசி முதல் அரைவாசி வரைதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே போத்தலில் எழுதியிருக்கும் பாதுகாப்பு காலையில் பூசிய அந்த நிமிடத்திலேயே எமக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை.

பூசியதும் அப்படியே நிற்பதில்லை. வியர்க்கிறோம்; கைக்குட்டையால் ஒற்றுகிறோம்; முந்தானையால் துடைக்கிறோம்; முகம் கழுவுகிறோம். ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லிய படலம் கலைந்து இடைவெளி விழுகிறது. சில வகைக் கிறீம்களில் உள்ள அவோபென்சோன் போன்ற இரசாயனங்கள், நிலைப்படுத்தும் பொருள் சேர்க்கப்படாவிட்டால், சூரிய ஒளியிலேயே சிதைவடைகின்றன. நாக ஒட்சைட்டு கலந்தவை ஒளியில் அவ்வாறு சிதையாது. ஆனால் உரசலும் வியர்வையும் அவற்றையும் அகற்றிவிடும்.

அப்படியானால் ‘நாளுக்கு ஒரு தடவை’ என்ற வாக்குறுதியை எவராவது சோதித்தார்களா? சோதித்தார்கள். பிரித்தானியாவில் ‘விச்’ என்ற நுகர்வோர் அமைப்பு இவ்வாறு விற்கப்பட்ட நான்கு கிறீம்களைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டது. ஆறு முதல் எட்டு மணித்தியாலங்களின் பின் அவற்றின் பாதுகாப்பு சராசரியாக 74 வீதம் குறைந்திருந்தது. அதாவது காலையில் 30 ஆக இருந்தது மாலையில் 8 ஆகிவிடுகிறது. உற்பத்தியாளர்கள் இம்முடிவை ஏற்கவில்லை. அந்த அமைப்போ இத்தகைய விளம்பர வாசகங்களை நிறுத்த வேண்டும் என்று கோரியது.

சட்டம் வகுப்போரும் இதைக் கவனித்திருக்கிறார்கள். திரும்பப் பூசத் தேவையே இல்லை என்ற பொருளில் விளம்பரம் செய்யக்கூடாது என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2006இல் பரிந்துரைத்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2011இல் வந்த விதிகளின்படி, தகுந்த சான்று காட்டி அனுமதி பெறாமல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பாதுகாப்பு என்று எழுத முடியாது. ‘நீர் புகாதது’ என்ற சொல்லுக்கும் அங்கே தடை. நீரில் 40 நிமிடம் நிற்குமா, 80 நிமிடம் நிற்குமா என்பதை மட்டும் சோதித்து எழுதலாம். நான்கு மணித்தியாலம் நீரைத் தாங்கும் என்று எழுத அனுமதிக்கும் அவுஸ்திரேலியாவிலும், வெளியில் நிற்போர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பூச வேண்டும் என்பதே புற்றுநோய்ச் சபையின் அறிவுரை.

இதைக் கேட்டு ‘அப்படியானால் பூசுவதே வீண்’ என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே. அவுஸ்திரேலியாவின் நம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை 1,600க்கு மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் தினமும் காலையில் முகம், கழுத்து, கைகளில் கிறீம் பூசினர். அதிகம் வியர்த்தால், குளித்தால், நெடுநேரம் வெயிலில் நின்றால் மீண்டும் பூசும்படி அவர்களிடம் சொல்லப்பட்டது. ஒரு வகைத் தோற் புற்றுநோய் அவர்களிடையே ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது. வெள்ளைத் தோலினரைப் போல எமக்குத் தோற் புற்றுநோய் அதிகம் வருவதில்லை. எமது பெண்களை வருத்துவது மங்குதான். மங்கைக் கூட்டுவது கழியூதாக் கதிர் மட்டுமன்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கூட. அதனால் மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஒட்சைட்டு கலந்த, தோல் நிறமுள்ள கிறீம் கூடுதல் பயன் தரும்.

எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பூச வேண்டுமா? நாள் முழுவதும் கட்டடத்துக்குள் வேலை செய்வோருக்கு அவ்வளவு தேவையில்லை. அத்தகைய ஊழியர்களின் முகத்தைத் தாய்லாந்தில் ஆராய்ந்தபோது, காலையில் பூசியதில் பெரும்பகுதி பின்னரும் எஞ்சியிருந்தது. வகுப்பறைக்குள் இருக்கும் நாட்களில் நான் காலையில் ஒரு தடவையும், வீடு திரும்ப வெயிலில் இறங்குமுன் ஒரு தடவையும் பூசுகிறேன். இல்ல விளையாட்டுப் போட்டி நாளிலோ கதை வேறு. மைதானத்தில் நிற்கும்வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வியர்வையை ஒற்றிவிட்டுப் பூசுவேன்.

அளவையும் கவனியுங்கள். முகம், கழுத்து, காதுகளுக்கு ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு கைக்கும் ஒரு தேக்கரண்டி வேண்டும். வெளியே இறங்க இருபது நிமிடம் முன்னதாகப் பூசுங்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள். போத்தலை வெயிலில் வைக்காதீர்கள்.

இனிச் செலவுக் கணக்கு. 100 மில்லிலீற்றர் போத்தலில் இருப்பது இருபது தேக்கரண்டி. முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் நாளுக்கு இரு தடவை பூசினால் பத்தே நாளில் முடிந்துவிடும். வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் ஒரு பெண்ணால் இதைத் தாங்க முடியுமா? எமது நாட்டில் ஏப்ரல் 5 முதல் 15 வரையும், ஓகஸ்ட் 28 முதல் செப்டெம்பர் 7 வரையும் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நண்பகல் வெயிலுக்குக் கிறீம் மட்டும் போதவும் போதாது. அகன்ற விளிம்புத் தொப்பி, நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, குடை, காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை நிழல், இவைதான் முதற் காப்பு. இவை வியர்வையில் கரைவதில்லை. மீண்டும் பூசவும் தேவையில்லை.

கிறீம் வாங்கும் வசதி உள்ளவர்கள் ‘நீண்ட நேரம்’ என்ற எழுத்துக்காக இரு மடங்கு விலை கொடுக்க வேண்டாம். எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேல், யூ.வி.ஏ. கதிரையும் தடுக்கும் என்ற குறிப்பு, இவ்விரண்டும் இருந்தால் சாதாரணப் போத்தலே போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு போத்தல் வாங்கி, தாராளமாகவும் தேவையான போதெல்லாம் மீண்டும் மீண்டும் பூசுங்கள்.